சாயாத களிறு: குற்றாலத்தில் ஒரு தீவு ஆளுநரைக் கண்டு வந்தது

ஆடித் திங்களில் குற்றாலம் செல்வோர் நீராடச் செல்வர். நோய் தீரச் செல்வர். நான் அவ்விரண்டிற்கும் செல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலிச் சந்திப்பில் செங்கோட்டைப் புகைவண்டியில் ஏறியபோது என் பையில் மாற்றுடை ஒன்றும், திருநீற்றுப் பையும், நான்காக மடித்த விண்ணப்பம் ஒன்றும் இருந்தன. தென்காசிக்கு நாற்பத்தைந்து கல் தொலைவு. மூன்றாம் வகுப்புக் கட்டணம் பதினான்கு அணா. வண்டி பேட்டையைத் தாண்டுமுன் அந்த விண்ணப்பம் இருக்கிறதா என்று மும்முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

விண்ணப்பம் என் மருமகனைப் பற்றியது. கீழ்க்கடல் தீவு ஒன்றின் சிறை மருத்துவமனையில் அவர் மருந்து கலப்பவராய் இருந்தார். கைதி ஒருவன் தன் தாய்க்கு எழுதிய மடலை அவர் தம் சட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தது கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கொடுத்த சிறையிலேயே மூன்றாண்டுத் தண்டனை பெற்று அடைபட்டிருக்கிறார். என் மகள் என் வீட்டில் இருக்கிறாள். அத்தீவுகளின் ஆளுநர் காய்ச்சலுக்குப் பின் உடல் தேற ஆறு வாரம் குற்றாலத்தில் தங்க வந்திருக்கிறார் என்னும் செய்தி எனக்கு எட்டியபோது, கடவுளே கை நீட்டியதாய் எண்ணினேன்.

சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் ஒருவர் வழி செய்தார். உயர்ந்த துரைமக்கள் எவர் குற்றாலம் வந்தாலும் பட்டில் அச்சிட்ட வரவேற்பிதழ் படித்தளிப்பது அவர் வழக்கம். பாடுவது என் வேலை என்றும், பாட்டு முடிந்தபின் விண்ணப்பத்தை என் கையாலேயே கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தார். உடன் துரையின் பணி வரலாறு ஆங்கிலத்தில் அரைத்தாள் அளவு வந்தது. பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்தவர். படிப்படியாய் உயர்ந்து ‘கடற்பருந்து’ என்னும் போர்க்கப்பலின் தலைவராய் ஈராண்டு இருந்தவர். பிறகு கரைக்கு வந்து சிறு துறைமுகம் ஒன்றை ஆண்டவர். இப்போது ஏழாண்டாய்த் தீவுக்கூட்டத்தின் ஆளுநர்.

தசாங்கம் பாடத் துணிந்தேன். தலைவனுக்குரிய மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை, களிறு, கொடி, முரசு, ஆணை என்னும் பத்து உறுப்பையும் பத்து வெண்பாவாக்குவது நம் முன்னோர் கண்ட முறை. வெள்ளையர்க்குக் களிறு ஏது? நெடுநேரம் எண்ணிக் கப்பலையே களிறாக்கினேன். “திரைமலை சாய்ப்பினும் தான்சாயா வேழம்” என்று அந்த வெண்பாவில் ஓரடி வந்து விழுந்தது. பத்தினுள் அதுவே சிறந்தது என்று அச்சகத்தாரும் சொன்னார். கப்பல் தலைமை ஏன் ஈராண்டோடு நின்றது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கப்பலையோ கடலையோ நான் கண்ணால் கண்டதுமில்லை.

ஒன்பதரை மணி. கீழக்கடையத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தகரப்பெட்டியுடன் ஏறி என் எதிரே அமர்ந்தார். வெளுத்த சட்டை, தலையில் சிவப்புத் தலைப்பாகை. பெயர் மாசானம் என்றார்.

“அண்ணாச்சி குத்தாலத்துக்கா? குளிக்கவா?”

“இல்லை, ஒரு துரையைக் காண. தீவு ஆளுநர்.”

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “அட, நம்ம தொரையையா! அவருக்கு ஏழு வருசமா சோறாக்கிப் போடுதவன் நாந்தான். ஊர்ல கோயில் கொடைக்கு மூணு நாள் லீவு குடுத்தாரு. முடிச்சிட்டுத் திரும்புதேன்.”

மகிழ்ந்துபோய், மாலையில் படிக்க இருந்த பாட்டைச் சொன்னேன். கேட்பவர் சமையற்காரர் என்பதையும் மறந்து களிற்று வெண்பாவுக்குப் பொருளும் விரித்தேன். கப்பலின் பெயர் வந்ததும் மாசானத்தின் முகம் வெளிறியது.

“அண்ணாச்சி, அந்தப் பேரை எழுதிட்டீயளா?”

“ஏன்?”

“அந்தக் கப்பல் முங்கிப் போச்சுய்யா!”

சன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடின. எனக்கு மட்டும் வண்டி நின்றுவிட்டாற்போல் இருந்தது. மாசானம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பனி மூடிய ஒரு விடியலில் வடகடற் பாறையில் கப்பல் மோதியது. நாற்பத்தொருவர் மாண்டனர். விசாரணையில் தலைவர்மேல் குற்றமில்லை என்றார்கள். ஆனால் பிறகு எவரும் அவரை நம்பிக் கப்பல் கொடுக்கவில்லை. அதனால்தான் கரைக்கு வந்தார். அதனால்தான் எவரும் விரும்பாத தீவுகளுக்கு ஆளுநரானார். அரைத்தாள் வரலாற்றில் நான் ஏற்றம் என்று படித்ததெல்லாம் உண்மையில் ஒரு மனிதரைக் கடலிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாய் ஒதுக்கிய கதை.

“இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?”

“காய்ச்சல்ல பினாத்துவாரு. பக்கத்துல ஈரத்துணி போட நாந்தான இருப்பேன்! ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக மாட்டாரு. ஒரு நோட்டை விரிச்சு வச்சு ஒவ்வொரு பேரா வாசிப்பாரு. நாப்பத்தொரு பேரு. எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. ஒருக்க ஒரு வெள்ளைக்கார விருந்தாளி, தெரியாம அந்தக் கப்பல் பேரைச் சொல்லி கிளாசைத் தூக்கிட்டாரு. தொரை ஒரு வார்த்தை பேசல. தட்டை அப்படியே தள்ளிட்டு எந்திரிச்சாரு. மறுநாக் கப்பல்ல அந்த ஆளு பெட்டியோட ஊருக்குப் போயாச்சு. மூணு நாளு தொரை தட்டைத் தொடல. அந்த மூணு நாளும் அவரு முன்னால போன தாள் ஒண்ணுகூட உருப்படல, அண்ணாச்சி!”

நான் மடியிலிருந்த பையை இறுகப் பிடித்தேன்.

பத்தரை மணிக்குத் தென்காசி. புகைவண்டி நிலையத்திலேயே சாரல் முகத்தில் அடித்தது. மாசானம் பங்களாவிற்குக் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனார். பிரியும்போது, “என்னைப் பாத்ததா காட்டிக்கிடாதீய. என் பொழப்பும் போயிரும்” என்றார். எனக்கு நேரே குற்றாலம் செல்லக் கால் எழவில்லை. காசி விசுவநாதரை வழிபட்டு மனத்தைத் திடப்படுத்த எண்ணிக் கோயிலை நோக்கி நடந்தேன்.

தென்காசிக் கோபுரத்தைக் காணாதவர்க்குச் சொல்கிறேன்: அது இன்று கோபுரமன்று, தலையிலிருந்து பிளந்து இரண்டு பாறைபோல் நிற்கும் பெருஞ்சுவர். இடுக்கில் செடி முளைத்திருக்கிறது. வாயிலில் நுழைந்தால் மேல்காற்று முன்னிருந்து தள்ளும். சில அடி சென்றால் அதே காற்று பின்னிருந்து தள்ளும். அன்று அக்காற்றில் என் மேலாடை பறந்தது. நான் பறந்ததாகவே நடுங்கினேன். கல்லால் கட்டியதே இப்படிப் பிளக்குமாயின் கடல்மேல் மிதப்பதைச் சாயாது என்று எழுத எனக்கு யார் உரிமை தந்தார்? இறைவன் முன் நின்றும் ஒரு பதிகம் முழுமையாய் நாவில் வரவில்லை.

குற்றாலத்துக்கு மூன்றரைக் கல். குதிரைவண்டிக்கு ஆறணா. வண்டிக்காரர் ஒரு ராவுத்தர், கலகலப்பானவர்.

“பெரியவருக்கு என்ன, ஆறணா குடுத்துட்டு அழுத மூஞ்சியா வாரிய? வேணும்னா அஞ்சணா குடுங்க, கொஞ்சம் சிரிங்க!”

“குதிரையைப் பார்த்து ஓட்டுமய்யா. வழுக்கும்.”

“இதுவா? இது என் வீட்டுக்காரி மாதிரி. நான் சொன்னா நிக்காது, தானா நிக்கும்.”

இலஞ்சி தாண்டி மலை நெருங்கியதும் சொன்னபடியே குதிரை தானாக நின்றது. செவிகளை விறைத்தது. அருவியின் ஓசை இங்கேயே கேட்டது. ஓசையென்று சொல்வது குறைவு, நிலத்தின் அடியில் எதுவோ உருள்வதுபோல் வண்டிச் சட்டத்தில் அதிர்ந்தது. ராவுத்தரும் சிரிப்பை விட்டார்.

“மேல மலையில நல்ல மழை. தண்ணி செவந்து வருது பாருங்க. இன்னிக்கு அருவிப் பக்கம் போயிராதீய.”

பாலத்தின்கீழ்ச் சிற்றாறு செம்மண் குழம்பாய் ஓடியது. வேரோடு ஒரு மரம் அதில் புரண்டு சென்றது. கிளை மேலே எழும், அமிழும், மீண்டும் எழும். நாற்பத்தொருவர் என்னும் எண் எனக்கு அப்போதுதான் உடல்களாயிற்று.

நண்பகல். பண்ணையார் தங்கியிருந்த வாடகை வீடு பெரிய அருவிக்குச் செல்லும் தெருவில் இருந்தது. அவர் எண்ணெய் பூசி நீராட முடியாமற்போன எரிச்சலுடன் அமர்ந்திருந்தார். நான் மாசானத்தின் பெயரை விட்டுச் செய்தியை மட்டும் சொல்லி, களிற்றுப் பாட்டை நீக்கிவிட வேண்டினேன்.

“என்ன புலவரே, வெளையாடுதீரா? பட்டுல அச்சடிச்சு சந்தனப்பெட்டியில வச்சாச்சு. பத்துல ஒண்ணைப் பிச்சு எடுக்க அது என்ன பலாப்பழமா?”

“படிக்கும்போது மட்டும் விட்டுவிடுகிறேன்.”

“அங்கம் கொறைஞ்ச பாட்டைப் படிச்சா தலைவனுக்கு ஆகாதுன்னு எங்கிட்ட சொன்னவரே நீருதான? தொரைக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் என்னைத்தான்யா சொல்லுவாவ!”

அவர் சொன்னது உண்மை. உறுப்புக் குன்றிய பாட்டு பாடப்பட்டவனுக்குத் தீங்கு தரும் என்பது எம் போன்றோர் இளமையிலேயே கற்று நம்பிய கொள்கை. படித்தால் என் மருமகன் கெடுவார். விடுத்தால் நோயிலிருந்து எழுந்த ஒருவர்க்கு நானே அறம் பாடியவன் ஆவேன். இரண்டையும் மாறிமாறி எண்ணி, இலையில் இட்ட சோற்றை உண்ணாமல் எழுந்தேன். பண்ணையாரின் தம்பி வழக்கறிஞர். அவரே பாட்டை ஆங்கிலமாக்கியவர், மாலையில் மொழிபெயர்ப்பவரும் அவரே. அவரைக் கேட்கலாம் என்றால் அவர் முதல் நாளே ஏதோ அலுவலாய்த் தென்காசிக்குப் போயிருந்தார்.

நான்கு மணி. துரையின் பங்களா அருவிக்கு மேற்கே ஒரு மேட்டில் இருந்தது. முன் கூடத்தில் பத்து நாற்காலிகள், மேசைமேல் சந்தனப்பெட்டி. கூரையில் குரங்குகள் ஓடின. வழக்கறிஞர் நாங்கள் அமர்ந்தபின் நனைந்த காலணியுடன் விரைந்து வந்தார். அவரிடம் ஒரு சொல் பேச வாய்க்கவில்லை. துரை வெளியே வந்தார். நெட்டையானவர், காய்ச்சலில் உலர்ந்த முகம், கூடத்தில் கால்களை அகற்றி வைத்து நின்றார், தரை அசையும் என்று எதிர்பார்ப்பவர்போல. கதவருகே மாசானம் தேநீர்த் தட்டுடன் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

பட்டை விரித்துப் படிக்கலானேன். மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை. ஒவ்வொன்றும் முடிந்ததும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் சொல்வார். துரை சிறிதே தலை அசைப்பார். ஏழாவது வந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. குரல் எழவில்லை. அருவியின் இரைச்சல் கூடம் முழுதும் நிறைந்தது. என் கண் தானாகவே அடுத்த பாட்டிற்குச் சென்றது. கொடியைப் பாடத் தொடங்கினேன்.

துரை கை உயர்த்தினார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வழக்கறிஞர் என் பக்கம் குனிந்தார்.

“தொரை கேக்காரு, ஏழாவது பாட்டு எங்கேன்னு. இங்கிலீஷ் தாளை நேத்தே குடுத்துட்டேன். அவரு படிச்சிட்டாரு.”

அவ்வளவு நேரம் நான் மறைக்க முயன்றது முதல் நாளே அவர் கையில் இருந்தது! பண்ணையார் கண்களை மூடிக்கொண்டார்.

“படிக்கச் சொல்லுதாரு,” என்றார் வழக்கறிஞர்.

படித்தேன். என் வாழ்நாளில் ஒரு வெண்பாவை அத்துணை மெல்லப் படித்ததில்லை. ‘தான்சாயா வேழம்’ என்னும் இடத்தில் துரையின் தாடை இறுகியது. முடிந்தபின் அவர் அருவி இருந்த பக்கம் நோக்கினார். பிறகு பேசினார், வழக்கறிஞர் தயங்கித் தயங்கிப் பெயர்த்தார். “அது சாஞ்சதுங்காரு. ஆறே நிமிசத்துல சாஞ்சிட்டுதாம்.”

நான் பட்டைத் தாழ்த்திப் பிடித்தேன்.

“இன்னொண்ணு கேக்காரு. பதினோரு வருசமா விசயம் தெரிஞ்ச யாரும் அவருகிட்ட அந்தக் கப்பலைப் பத்திப் பேசுனதில்லையாம். நீங்க தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாமலா?”

தெரிந்தே எழுதினேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. துரையின் பார்வையில் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. எவரும் துணியாததைத் துணிந்தவனாய் என்னை அவர் எண்ணியிருந்தார். என் மருமகனின் விடுதலை அச்சொல்லில் இருந்ததாகவே நம்பினேன். ஆயினும் கதவருகே நின்ற மாசானம் உண்மை அறிவார்; நானும் அறிவேன்.

“அறியாமல் எழுதினேன். கப்பலைக் கண்டதும் இல்லை. பொறுத்தருள வேண்டும்.”

துரை இதைக் கேட்டுச் சினக்கவில்லை; சிரிக்கவுமில்லை. “தெரிஞ்சவங்க ஒருத்தரும் எழுதலையே, அப்படிங்காரு” என்றார் வழக்கறிஞர்.

எஞ்சிய மூன்று பாட்டையும் படித்தேன். பட்டை மடித்துக் கொடுத்தேன். அதன்மேல் விண்ணப்பத்தையும் வைத்தேன். அவர் நின்றபடியே அதைப் படித்தார். பெயரைக் கண்டதும் நிறுத்தி, அவரைச் சிறையிட்ட ஆணையில் கையொப்பம் இட்டவர் தாமே என்றார். பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழக்கறிஞர் அதைத் தணிந்த குரலில் பெயர்த்தார்.

“உங்க மருமகன் அந்த லெட்டரைத் தெரிஞ்சு கொண்டுபோனாரா, தெரியாமலா?”

அன்பர்களே, அன்று நான் பட்ட அச்சமெல்லாம் இதற்கு முன்னுரை. அறியாமையை இப்போதுதான் பொறுத்தவர் முன் நிற்கிறேன். ‘அறியாமல்’ என்றால் அவர் மன்னிப்பார் என்றே தோன்றியது. ஆனால் மருமகன் என் மகளுக்கு எழுதிய கடைசி மடலில், ‘சாகக் கிடந்த ஒரு தாய்க்கு அது போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தேதான் எடுத்துப்போனேன், அதைத் தவறிப்போய்ச் செய்ததாய் யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அவர் செய்த ஒரே நற்செயலை அவரிடமிருந்து பறித்து அவரை மீட்பதா?

“தெரிந்தேதான்,” என்றேன். என் குரல் எனக்கே அயலாய் ஒலித்தது.

துரை விண்ணப்பத்தை மடித்தார். சட்டையின் உட்பையில் வைத்தார். எல்லாரையும் வணங்கி உள்ளே சென்றார். பண்ணையார் வெளியே வந்ததும் என் காதருகில், “கேட்டா ‘தெரியாது’ன்னு ஒரு வார்த்தை வராதாய்யா ஒமக்கு? தமிழ்ல அந்தச் சொல் இல்லையோ?” என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை. நெல்லை வண்டிக்கு அரைமணி முன்பே தென்காசி நிலையத்தில் இருந்தேன். வண்டி புகைவிட்டு வந்து நின்றபோது மாசானம் காய்கறிக் கூடையுடன் நடைமேடையில் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி! இன்னா இங்கன இருக்கீயளா! தொரை சாப்பிட்டாருய்யா. தட்டைத் தள்ளல. மீன் வறுவல் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாரு!”

“விண்ணப்பம் என்னாயிற்று?”

“அதைச் சொல்லத்தான் ஓடி வாரேன். காலை வெளிச்சத்துல மேசையைத் துடைக்கப் போனேன். அந்த நோட்டு விரிச்சபடி இருந்துது. அதுக்குள்ள ஒங்க தாளை வச்சிருக்காரு.”

“எந்த நோட்டு?”

“அதான், பேரு வாசிப்பாரே! அது நல்ல சகுனம்லா அண்ணாச்சி? வேற எந்தத் தாளையும் அவரு அதுக்குள்ள வச்சு நான் பாத்ததில்ல.”

வண்டி நகர்ந்தது. அவர் கூடையைத் தூக்கி அசைத்துக்கொண்டு நின்றார். அந்த ஏடு காக்க முடியாமற்போனவர்களின் ஏடு. அதனுள் என் மருமகனை வைத்தது, இவரையாவது காக்க வேண்டும் என்றா? காக்க இயலாதவர் வரிசையில் இவரும் ஒருவர் என்றா? நாற்பத்தைந்து கல்லும் அதையே எண்ணி வந்தேன். சேரன்மாதேவியில் ஒருவர் குற்றாலத்துத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். அருவியில் கால்கூட நனைக்கவில்லை என்றபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இப்போது வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் தாமிரபரணி ஓடுகிறது. குற்றாலத்து நீர் அதிர்ந்து அச்சுறுத்தும். எங்கள் ஆறு ஓசையின்றிச் செல்லும். இரண்டும் ஒரே கடலுக்குத்தான் செல்கின்றன என்பதை இதற்குமுன் நான் எண்ணிப் பார்த்ததில்லை. துரை ஆறு வாரம் முடிந்து கப்பலேறுவார். அந்த ஏடும் தாளும் அவருடன் கடல் கடக்கும்.

நடந்ததை மகளிடம் மறைக்கவில்லை. ‘தெரிந்தேதான்’ என்று நான் சொன்னதைச் சொன்னபோது அவள் அழுதாள். “அவுக சொன்னதைத்தானப்பா சொன்னீய” என்றும் சொன்னாள். பிறகு, பஞ்சாங்கத்தில் நாள் எண்ணிக்கொண்டே கேட்டாள்.

“தொரை ஏறிப் போற கப்பல் பெருசா இருக்கும்லாப்பா? காத்துல சாயாதுல்லா?”

வெண்பா எழுதிய கை மடியில் கிடந்தது.